20 வேண்டாம், 24 வீரர்களை நிறுத்துங்கள்

வார்ஹாமர் ஃபேன்டஸி என்ற பொம்மைப் படைகளின் மேசைப் போர் விளையாட்டின் 8-ஆம் பதிப்பில் (2010) ஐந்து பேர் அகலத்தில் காலாட்படை நிறுத்துகிறீர்களா? சரியாக 20 பேரோடு நிறுத்தாமல் 24 பேராக வையுங்கள்.

முதல் வரிசைக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கும் ஒவ்வொரு வரிசைக்கும், சண்டையில் யார் வென்றார் என்று பார்க்கும் கணக்கில் ஒரு புள்ளி, அதிகபட்சம் மூன்று. ஆனால் இதை எண்ணுவது சண்டை முடிந்து, இறந்தவர்களை எடுத்த பிறகுதான். 20 பேரில் ஒருவர் விழுந்தாலே கடைசி வரிசை கணக்கில் வராது. 24 பேர் இருந்தால் நால்வர் விழுந்தாலும் மூன்று புள்ளி அப்படியே நிற்கும். அந்த ஒரு புள்ளியை லேசாக நினைக்காதீர்கள். தோற்ற படை ஓடாமல் நிற்குமா என்பதே மனவுறுதிச் சோதனை; எத்தனை புள்ளியில் தோற்றதோ அத்தனை, படையின் துணிவைக் காட்டும் லீடர்ஷிப் எண்ணிலிருந்து குறையும். லீடர்ஷிப் 7 உள்ள படை ஒரு புள்ளியில் தோற்றால், அந்தச் சோதனையில் இரண்டு பகடை சேர்த்து 6 அல்லது அதற்குக் குறைவாக விழ வேண்டும்: 36-க்கு 15 வாய்ப்பு. இரண்டு புள்ளியில் தோற்றால் 36-க்கு 10 தான்!

எதிரியின் இரண்டு முழு வரிசைப் படை பக்கவாட்டிலோ பின்னாலோ மோதினால் வரிசைப் புள்ளியே கிடையாது, அப்போது இது உதவாது. அப்புறம், எதிரியைவிட உங்களுக்கு வரிசைகள் அதிகமென்றால் எத்தனை புள்ளியில் தோற்றாலும் முழு லீடர்ஷிப்பில்தான் சோதனை. காட்டுக்குள் நின்றால் அந்தச் சலுகை இல்லை.