பைக்கை விட்டு பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டு மாநகரப் பேருந்தில் வேலைக்கு வரலாம் என்று ஆரம்பிக்கிறவர்களை எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பெட்ரோல் செலவு, முதுகுவலி, மெட்ரோ வேலையால் ஊர்ந்து போகும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) என்று ஆளுக்கொரு காரணம். ஆனால் பலர் ஒரு மாதம்கூடத் தாங்காமல் மறுபடி பைக் சாவியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். கேட்டால், சென்னையில் பஸ்ஸே சரியில்லை என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள்.

சில்லறை வைத்துக்கொள், பர்ஸைப் பார்த்துக்கொள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாததல்ல. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேர் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். வடபழனியிலிருந்து சோழிங்கநல்லூர் வரும் தம்பி ஒருவர் இருக்கிறார். கோயம்பேட்டிலிருந்து ஓஎம்ஆர் போகும் 570-தான் தன் பஸ் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். ஏறினால் இறங்கவே வேண்டாம். ஆனால் காலை எட்டரைக்கு அது வடபழனி வரும்போதே படிவரை ஆள் நிற்கும். அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார். அதுவும் அப்படியே வரும். அதற்குள் கிண்டிப் பக்கம் போகும் பஸ்கள் எத்தனையோ அவர் கண்முன்னே போயிருக்கும்.

நூறடி ரோட்டை விட்டு ஆற்காடு ரோட்டுக்கு நடந்துபோய் தி.நகர் பஸ் பிடியுங்கள், அங்கே ஓஎம்ஆர் போகும் 19ஆம் எண் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். “சுத்திப் போற மாதிரி இருக்கேண்ணா” என்று தயங்கினார். தூரம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் இப்போது உட்கார்ந்து வருகிறார், நேரத்துக்கும் வந்துவிடுகிறார்.

நீண்ட தூரம் ஓடும் பஸ் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முன்னால் போகும் பஸ் சிக்னலில் சற்றுத் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏற இன்னும் நேரமாகும். பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அதனால் அது சீக்கிரமே முன்னதை எட்டிவிடும். வெகுநேரம் ஒன்றும் வராமல் இருந்து, பிறகு ஒரே எண்ணில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். அப்படி வந்தால் இரண்டாவதில் ஏறுங்கள். வழி நீள நீள இந்தச் சிக்கலும் கூடும்.

அதனால் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பஸ்கள் ஒன்றுசேரும் இடத்தை மனதில் வையுங்கள். ஓஎம்ஆரில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால் 19, 102, 570 எல்லாம் ஒரே சாலைதான். 102 அடையாறிலேயே கிடைக்கும். அந்தச் சாலைக்குள் எப்படியாவது போய்ச் சேர்வதுதான் உங்கள் வேலை. அதற்கு வழி ஒன்றல்ல, நாலைந்து இருக்கும்.

பாஸ் எடுப்பதைத் தள்ளிப்போடுவது

“ஒரு மாசம் போய்ப் பார்த்துட்டு எடுக்கலாம்” என்பார்கள். இது தலைகீழ். இங்கே பஸ் மாறினால் புது டிக்கெட். கையில் பாஸ் இல்லாதவர் மாறத் தயங்குவார், தயங்கித்தான் நேர் பஸ்ஸுக்கு நிற்பார். விருப்பம்போல் பயணம் செய்யும் மாத பாஸ் 1000 ரூபாய், ஏசி பஸ்ஸும் சேர்த்து என்றால் 2000. நாளுக்கு 40 ரூபாய் டிக்கெட்டுக்குப் போகிறவருக்கு 25 நாளில் 1000 ரூபாய் சரியாகிவிடும். அதற்கு மேல் எத்தனை பஸ் மாறினாலும் செலவில்லை.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் டிக்கெட் காசு கிடையாது. டீலக்ஸில் ஏறினால் உண்டு, பார்த்து ஏறுங்கள்.

எண்ணை மட்டும் பார்த்து ஏறுவது

எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்’ என்று இருந்தால் பஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். போர்டில் கடைசி ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். அதற்காக கட் பஸ்ஸை ஒதுக்கவும் வேண்டாம். நடுவில் மாறத்தானே போகிறோம், கூட்டம் குறைவாக இருந்தால் அதுவே வசதி.

கண்டக்டரைத் தேடி முண்டியடிப்பது

பின்பக்கப் படிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தே இருப்பார். புதியவர்கள் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு அவரிடம் போகப் பார்ப்பார்கள். தேவையே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் “ஒரு அடையாறு” என்று சொல்லிக் காசைக் கொடுத்தால் போதும். கை மாறிக் கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும்.

செயலியில் நிமிடம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புவது

சென்னை பஸ் செயலி பஸ் எங்கே இருக்கிறது என்று காட்டும். அடுத்த சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. எதில் ஏறலாம் என்று முடிவு செய்ய, நிறுத்தத்தில் நின்றுகொண்டு பாருங்கள்.

படியில் தொங்குவது

கூடவே கூடாது.

திங்கள்கிழமை ஆரம்பிப்பது

வாரத்திலேயே மோசமான காலை அது. புதன்கிழமை ஆரம்பியுங்கள்.