பழைய கெப்புக்கு ஸ்டேரிங் ஷாஃப்ட் மாத்தப் போறீங்களா, முதல்ல இத வாசிங்க

நம்மட பக்கம் பழைய ஜப்பான் கெப் (பிக்கப் வண்டி) வச்சிருக்கிற ஆக்களுக்கு இது தெரியும், மட்டக்களப்பு மண்முனைப் பாலத்தால படுவான்கரைக்குள்ள இறங்கி கிறவல் றோட்டுல ஏறினா ஸ்டேரிங்க எவ்வளவு நேரா புடிச்சாலும் வண்டி தன்ட பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், நாம இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எண்டு திருப்பித் திருப்பியே கை நொந்து போகும். என்ட வண்டிய ஒரு கராஜுக்கு கொண்டு போனன், அவர் பாத்துட்டு ஸ்டேரிங் பொக்ஸுக்கு (ஸ்டேரிங் திரும்புறத டயர் பக்கம் கடத்துற பெட்டி) மேல இருக்கிற ஸ்க்ரூவ நல்லா இறுக்கி விட்டுட்டார். மறுகா என்ன, வளைவுல திருப்பின ஸ்டேரிங் திரும்பி வரவே இல்ல. ப்ளே (லூஸ் ஆட்டம்) கிடந்தது ஸ்டேரிங்கையும் பொக்ஸையும் இணைக்கிற தடியான ஷாஃப்ட்டுல, வைத்தியம் பாத்தது பொக்ஸுக்கு.

அதனால சாமான் வாங்க முதல் இத செஞ்சி பாருங்க. இஞ்சின் ஓஃப், சாவி மட்டும் திறந்து லொக் விடுபட்டு இருக்கணும், ஒராள் உள்ளுக்கு இருந்து ஸ்டேரிங்க ரெண்டு விரல் அளவுக்கு அங்க இஞ்ச ஆட்டட்டும், நீங்க பொனட்ட திறந்து ஷாஃப்ட்டுல கைய வைங்க. மேல்தடி திரும்புது, பொக்ஸுக்குள்ள போற தடி சும்மா நிக்குது எண்டா நடுவுல இருக்கிற ரப்பர் கப்ளிங் (ரெண்டு தடியையும் இணைக்கிற ரப்பர்) இல்லாட்டி சிலுவை ஜொயின்ட் (தடி வளைஞ்சபடி சுத்த விடுற யூனிவர்சல் ஜொயின்ட்) போயிட்டு. ரெண்டும் ஒண்டா திரும்புது ஆனா டயர் அசையல்ல எண்டா பொக்ஸ், டை ரொட் எண்ட் (டயர திருப்புற தடிட நுனி) பக்கம் போய் பாருங்க, ஷாஃப்ட்டுக்கு காசு செலவழிக்காதீங்க.

என்ட ரப்பர் எக்ஸோஸ்ட் சூட்டுலயும் ஒயில்லயும் ஊறி பழைய செருப்பு மாதிரி வெடிச்சி கிடந்தது. அதுக்கு பதிலா ரெண்டு பக்கமும் இரும்பு சிலுவை ஜொயின்ட் இருக்கிற, நடுவுல நீளுற சுருங்குற ஷாஃப்ட் போடலாம். வாங்கப் போகக்குள்ள பழையத கையோட கொண்டு போங்க, கொழும்புல வண்டிச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு போனாலும் சரி இஞ்ச கடையில தேடினாலும் சரி, பூட்டுற இடத்துல இருக்கிற பல்லு எத்தின எண்டு எண்ணி, விட்டத்த வேர்னியரால அளந்து, பழையதோட வச்சிப் பாத்துத்தான் எடுக்கணும், கண்மதிப்புல எடுத்தா ஒரு பல்லு வித்தியாசத்துல ஏறாம நிக்கும்.

கழட்டுறது லேசு. முன் டயர் ரெண்டையும் நேரா வச்சி, ஸ்டேரிங்க சீட் பெல்ட்டால கட்டிட்டு, பற்றரிட மைனஸ கழட்டுங்க. ஷாஃப்ட்டுக்கும் பொக்ஸ் தடிக்கும் குறுக்கால நெயில் பொலிஷால ஒரு கோடு போடுங்க (வீட்டுல கேட்டுட்டு எடுங்க). கடக்கரை காத்துல போல்ட் எல்லாம் துருவேறி இருக்கும், முதல் நாள் இரவே துரு ஒயில் அடிச்சி விடுங்க. மறுகா போல்ட்ட முழுசா வெளிய எடுக்கணும், சும்மா இளக்கினா போதாது, ஏனெண்டா அது தடியில இருக்கிற வெட்டுக்குள்ள குறுக்கால போய் பூட்டுற போல்ட். பூட்டக்குள்ளயும் அதே கதைதான், அந்த வெட்டு நேரா வராட்டி போல்ட் போகாது, போகல்ல எண்டு சுத்தியலால அடிக்காதீங்க.

கனக்க பேர் பிழைக்கிற இடம் இதுதான்: நடுத்தடிட ரெண்டு நுனியிலயும் சிலுவைய புடிச்சிருக்கிற கவை ரெண்டும் ஒரே நேர்ல இருக்கணும். ஒண்டு குறுக்கால போயிட்டா ஸ்டேரிங் ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தரம் பாரமாகும், ரெண்டு தரம் லேசாகும். ஜொயின்ட் வளையுற கோணமும் 30 பாகைக்கு மேல போகாம பாருங்க.

நீளம் காணல்ல எண்டு லேத் கடையில வெட்டி ஒட்டித் தரச் சொல்ல வேணாம் மனே. கெப்ட பொடி ரப்பர்ல நிக்குது, சேஸி வேற பொடி வேற ஆடும், அதுக்குத்தான் அந்தத் தடி நீண்டு சுருங்குது. அடிபட்டா உள்ளுக்கு மடங்கி நெஞ்சுல குத்தாம காப்பாத்துறதும் அதுதான். வெல்டிங் வச்சா ரெண்டும் போச்சு, ஒட்டு விட்டா ஸ்டேரிங்கே இல்ல.

பூட்டினாப் பிறகு முன்பக்கத்த ஜக் வச்சி தூக்கி, ஸ்டேண்ட் குடுத்து, இந்த அந்தத்துல இருந்து அந்த அந்தம் வரைக்கும் மெதுவா திருப்பி ஷாஃப்ட் எக்ஸோஸ்ட்டுலயோ ப்ரேக் பைப்புலயோ முட்டுதா எண்டு பாருங்க. போல்ட் புதுசா, பழையதுட தலையில இருக்கிற அதே நம்பர்ல (போல்ட்ட பலத்த சொல்லுற நம்பர்) போடுங்க. ஒரு 100 கிலோமீற்றர் ஓடிட்டு திரும்ப ஸ்பானர் வச்சி பாருங்க, என்டதுல கீழ் போல்ட் இன்னும் கால் சுத்து இறுகினது.

ஒரு குறை இருக்கு, ரப்பர் இல்லாததால றோட்டு அதிர்வு முழுக்க கைக்கு வரும், மணல்றோட்டுல கொஞ்சம் கூடவே. மாமா ஏறி கொக்கட்டிச்சோலை வரைக்கும் ஓடிட்டு வந்து, "வண்டி இப்ப சொல்லுக் கேக்குது, ஆனா கை கூசுது" எண்டார்.