இடிந்த ரவுண்ட்ஹவுஸை அளந்து அதன் வரலாற்றை அறிவது எப்படி?

ரவுண்ட்ஹவுஸ் என்பது நீராவி இன்ஜின்களை நிறுத்திப் பழுதுபார்த்த வட்டக் கொட்டகை. நடுவே ஒரு பள்ளத்தில் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை, அதாவது டர்ன்டேபிள். அதைச் சுற்றி விரியும் தடங்களில் இன்ஜின் நிற்கும் ஒவ்வொரு அறையும் ஒரு ஸ்டால். நீராவிக் காலத்து அமெரிக்க ரயில் யார்டுகள் பலவற்றில் இன்று எஞ்சியிருப்பது ஒரு வட்டப் பள்ளமும், அதைச் சுற்றி விசிறியாக விரியும் அடித்தளமும்தான். ஒரு அளவு நாடா இருந்தால் அதிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முதலில் முழுதாக நிற்கும் ஒன்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். வட கரோலினாவின் ஸ்பென்சர் அதற்கு அருமையான இடம். வாஷிங்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் நடுவழியில் சதர்ன் ரயில்வே என்ற அமெரிக்க நிறுவனம் 1896-ல் தொடங்கிய பணிமனை அது. 1924-ல் கட்டிய 37 ஸ்டால் ரவுண்ட்ஹவுஸ் இப்போது அருங்காட்சியகத்தின் பகுதி.

பள்ளத்தின் விட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள். கட்டியவர்கள் அடிக்கணக்கில் கட்டினார்கள், நீங்களும் அடியிலேயே எழுதுங்கள். சுவர் நகர்ந்திருக்கும் என்பதால் குறுக்காக இரண்டு திசையிலும் எடுக்க வேண்டும். 60 அடி வந்தால் 19-ஆம் நூற்றாண்டின் சிறிய இன்ஜின்களுக்கானது. ஸ்பென்சரில் இருப்பதுபோல 100 அடி என்றால், டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) சேர்ந்து நீண்டுவிட்ட பிற்கால இன்ஜின்களுக்கானது. பள்ளத்துக்குள் இன்னொரு சிறிய வட்டச் சுவரின் தடம் தெரிந்தால் டர்ன்டேபிளை மாற்றியிருக்கிறார்கள்.

பழைய டர்ன்டேபிளில் முழு எடையும் நடு அச்சில்தான். இன்ஜினின் எடைமையம் அச்சுக்கு நேர் மேலே வரும்படி நிறுத்தாவிட்டால் ஒரு முனை தாழ்ந்து பள்ளத்தின் ஓரமாக ஓடும் வட்டத் தண்டவாளத்தில் அழுந்தும், மேடை சுற்றாது. பின்னால் வந்தவை முனைகளிலும் எடை தாங்கின. ஆகவே வட்டத் தண்டவாளத்தின் கீழே கனத்த கான்கிரீட் இருந்தால் அது பிற்கால வேலை என்று கொள்ளலாம்.

அடுத்து கோணம். பக்கத்துப் பக்கத்து இரண்டு தடங்களின் நடுக்கோடுகள் 8 டிகிரியில் விரிந்தால் முழு வட்டத்துக்கு 45 தடம். நுழைவாயிலில் நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 15 அடி வேண்டும் என்றால், வாயில் சுவர் அச்சிலிருந்து சுமார் 107 அடி தள்ளித்தான் இருக்க முடியும். சுவரே இல்லாத இடத்திலும் எங்கே தேடுவது என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

ஸ்டாலுக்குள் தண்டவாளங்களுக்கு நடுவே நீளவாக்கில் இருப்பது பரிசோதனைக் குழி. பல ஸ்டால்களைக் குறுக்கே வெட்டிப்போகும் ஆழமான குழி, சக்கரங்களைக் கீழே இறக்கிக் கழற்றுவதற்கு. இன்ஜின் பெரும்பாலும் முகம் வெளிச்சுவரைப் பார்த்திருக்கும்படி நுழையும், புகைபோக்கி அதன் முன்முனையில். அதனால் கூரையின் புகைக்கூண்டுகள் வெளிச்சுவர்ப் பக்கம் வரிசையாக இருக்கும். வெளிச்சுவரின் செங்கல் நிறம் ஓரிடத்தில் மாறினால் ஸ்டாலை நீட்டியிருக்கிறார்கள். டர்ன்டேபிளை மாற்றிய காலத்தோடு அதை ஒப்பிடுங்கள்.

பிறகு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இளஞ்சிவப்பு நிறம் செங்கல் கட்டடத்தையும், மஞ்சள் நிறம் மரக் கட்டடத்தையும் குறிக்கும். திருத்தங்களைத் துண்டுத்தாளில் ஒட்டியிருப்பார்கள், அதனால் தாளில் அச்சான ஆண்டை மட்டும் நம்பினால் தேதி தவறும். கூரையில்லாமல் வெளியே நிற்கும் தடங்களை ஸ்டாலாக எண்ணிவிடுவதும் அடிக்கடி நேரும் பிழை.

அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். கொதிகலனைச் சுற்றிப் போர்த்திய ஆஸ்பெஸ்டாஸ் மண்ணில் கலந்திருக்கும், கிளறக் கூடாது.

சதர்ன் ரயில்வே 1953-ல் முற்றிலும் டீசலுக்கு மாறியது. டீசலுக்குச் சாம்பல் குழியும் வேண்டாம், மாதந்தோறும் கொதிகலன் கழுவும் வேலையும் இல்லை. பல யார்டுகளில் ஸ்டால்கள் காணாமல்போவது இந்தக் காலத்தில்தான். ஆகவே 1950-களின் வான்வழிப் படங்களையும் தேடிப் பாருங்கள்.