எலியக் காட்டி "குடி ரத்தத்துல ஊறினது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

எங்க தோட்டத்துல சம்பளத்தன்னைக்கு யாராவது கசிப்ப போட்டுட்டு லயத்து வாசல்ல விழுந்து கெடந்தா, "அப்பன் குடிச்சான், மகனும் குடிக்கிறான், ரத்தத்துல ஊறினது"ன்னு முடிச்சிருவாங்க. இப்ப ஏ.எல். பயோ படிக்கிற தம்பிமாரு எலிய வேற சாட்சிக்கு இழுக்குறானுங்க, மூளையில சேதி கடத்துற செரட்டோனின்ங்கிற ரசாயனம் கொறஞ்சா குடிகாரனாம். நானும் அப்பிடி பேசித் திரிஞ்ச ஆளுதான்.

அவனுங்க சொல்ற எலி, அமெரிக்காவுல இந்தியானாவுல, விஸ்டார்ங்கிற ஆய்வுக்கூட எலி இனத்துலருந்து பொறுக்கினது. கூண்டுல தண்ணி ஒரு போத்தல், 10 சதவீத அல்ககோல் ஒரு போத்தல், சாப்பாடும் தாராளம், எது அல்ககோல் பக்கமே போகுதோ அதுகள ஜோடி சேத்து குட்டி போட வச்சு, தலைமுறை தலைமுறையா இதே வேல. நல்ல தாய்ச்செடி பாத்து, விதை போடாம வளக்குற விபி தேயிலைக்கு கட்டிங் எடுப்போமே, அந்த மாதிரி (கட்டிங்ல அச்சு அசலா அதே செடி வரும், குட்டியில வராது, அதான் இத்தன தலைமுறை). அப்பிடி வந்த குடிய விரும்புற எலிக்கு பி எலின்னு பேரு, விரும்பாததுக்கு என்பி எலி. பி எலி நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராமுக்கு மேல அல்ககோல் குடிக்கும், என்பி எலி பேருக்கு வாய் வைக்கும். பி எலி மூளையில பல எடத்துல செரட்டோனின் கொறவு, அது உண்மதான்.

அதுலருந்து "கொறவுனாலதான் குடிக்குது"ன்னு தாவுறதுதான் பெரிய தப்பு. குடிக்குன்னு பொறுக்கையில சம்பந்தமில்லாத குணமும் கூட ஒட்டிக்கிட்டு வரும். பின்லாந்துல இதே மாதிரி வளத்த எலிகள 1972ல பாத்தா, குடிக்காத கூட்டத்த விட, குடிக்கிற ஏஏ எலிக்குத்தான் செரட்டோனின் அதிகம்! அப்ப என்ன சொல்லுவீங்க?

அதுக்காக செரட்டோனினுக்கு வேலையே இல்லன்னு மறுபக்கம் சாயவும் வேணாம். வேற எலிக் கூட்டத்துலருந்து, நல்லா குடிக்கிறதா பொறுக்கி வளத்த எச்ஏடி எலிக்கும் கொறவுதான், பி எலிக்கு செரட்டோனின் வேலைய கூட்டுற ஃப்ளுவாக்செட்டின் மருந்து குடுத்தா குடி கொறையுது. ஆனா சாப்பாடும் சேந்து கொறையுது, அதையும் சொல்லணும்ல.

வாழப்பழத்துல செரட்டோனின் இருக்கு, தின்னா குடி விட்டுரும்னு ஒருத்தர் சொன்னாரு. பழத்துல உள்ளது மூளைக்குள்ள போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல உள்ள தடுப்பு விடாது.

இன்னொன்னு, அங்க பி எலிக்கும் என்பி எலிக்கும் ஒரே மாதிரி கூண்டு, ஒரே சாப்பாடு, அதனாலதான் வித்தியாசம் பரம்பரைன்னு தைரியமா சொல்ல முடியுது. இங்க அப்பனும் மகனும் ஒரே ரத்தம் மட்டுமில்ல, ஒரே காம்பரா, அப்பனுக்கு போத்தல் வாங்க ஏழு வயசுலயே நடந்து பழகின ஒரே குறுக்குப் பாத.