தனிமை போக ஆள் தேடும்போது செய்யும் தவறுகள்

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளையோடு இருக்கலாம் என்று சென்னைக்கோ கோவைக்கோ வந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் அடைபடும் பெரியவர்களுக்குச் சாப்பாடு, மருந்து, டிவி எல்லாம் கிடைத்துவிடுகிறது, பேச்சுத்துணைதான் கிடைப்பதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று அதைத் தள்ளிவிடுவது முதல் தவறு. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார், அது பக்கவாதம், இதய நோய், சர்க்கரை நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லியிருக்கிறது.

அடுத்தது, பெரிய கூட்டத்தை நம்புவது. குடியிருப்போர் சங்கப் பொங்கல் விழாவில் நூறு பேருக்கு வணக்கம் சொல்லலாம், மறுநாள் கதவைத் தட்ட ஒருவரும் இருக்கமாட்டார். பழக்கத்துக்கு நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அதனால் தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள், அது பூங்காவாக இருக்கட்டும், கிளை நூலகத்தின் நாளிதழ் மேஜையாக இருக்கட்டும், பேரனின் பள்ளி வேன் வந்து நிற்கும் வாசலாகக்கூட இருக்கட்டும் (பாட்டிமார் பலர் சிநேகமாவது அங்கேதான்). முதலில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். அப்புறம் ஒருநாள் போகாவிட்டால், "என்ன சார், நேத்து காணோமே?" என்று கேட்பார்கள்.

போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரிவராது. கோயிலில் உழவாரப்பணி, மொட்டை மாடித் தோட்டம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு என்று ஏதாவது பொறுப்பை எடுத்துக்கொண்டால் கூச்சமுள்ளவருக்கும் பேச்சு தானாக வரும். பழகிய இரண்டாம் நாளே மருமகள் புகாரைக் கொட்டாதீர்கள், கேட்டவர் நாளை வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்பிவிட்டு அதையே உறவு என்று நினைப்பதும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று: "தனியா எங்கேயும் போகாதீங்கப்பா" என்று அக்கறையோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அவருக்கு இருக்கும் ஒரே வழியையும் அது அடைத்துவிடுகிறது. ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள், முதல் சில நாள் கூடவே போங்கள். தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால், நண்பர்கள் வந்து சரிசெய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.