வீட்ல ரெண்டு சின்னப் பசங்களை வெச்சுக்கிட்டு பாடம் சொல்லித் தர எந்த நேரம் சரிப்படும்? ஒரு வாரம் எழுதி வெச்சு கண்டுபிடிக்கிற வழி

எங்க வீட்ல பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 2. வீட்லயே பாடம் சொல்லித் தர ஆரம்பிச்ச புதுசுல, காலைல 9 மணிக்கு உக்காரணும்னு டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டிட்டேன். சின்னவனுக்கு என் மடி வேணும்னு தோணுறது சரியா அந்த 9 மணிக்குத்தான். அவ கூட்டல் கணக்கு போட்டுக்கிட்டு இருப்பா, இவன் வந்து நோட்டு மேலயே உக்காந்துக்குவான், பென்சிலைப் பிடுங்குவான், அவ கத்துவா, நான் ரெண்டு பேரையும் கத்துவேன், கால் மணி நேரத்துல எல்லாம் அழுகையில முடியும். பாடம்தான் கஷ்டம்னு நெனச்சு புக்கை மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. நேரத்தை மாத்தினேன், அதே பொண்ணு அதே கணக்கை முணுமுணுத்துக்கிட்டே போட்டு முடிச்சா.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க யாரா இருந்தாலும் புக் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

ஸ்டெப் 1: ஒரு வாரம் எழுதி மட்டும் வைங்க

பாடமே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பேப்பர், மணிக்கு ஒரு வரி, பிள்ளைக்கு ஒரு கட்டம். தெளிவா இருந்தா டிக், பசியோ தூக்கமோ வந்து கண்ணைக் கசக்கினா வட்டம், அடம் பிடிச்சா பெருக்கல் குறி. தூங்கின நேரம், எந்திரிச்ச நேரம் ரெண்டையும் எழுதுங்க. அப்பப்போ குறிச்சிடுங்க, ராத்திரி உக்காந்து யோசிச்சா சண்டை போட்டது மட்டும்தான் ஞாபகம் வரும், நடுவுல அரை மணி நேரம் அமைதியா விளையாடினது மறந்தே போயிருக்கும், நமக்கு வேண்டியதே அந்த அரை மணி நேரம்தான்.

ஸ்டெப் 2: தூக்கக் கணக்கைப் பாருங்க

எழுதினதை வெச்சு ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு தூங்குறாங்கன்னு கூட்டுங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்ன கணக்குப்படி 1 - 2 வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 - 14 மணி நேரம், 3 - 4 வயசுக்கு 10 - 13 மணி நேரம் வேணும். 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் 9 - 12 மணி நேரம்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லுது. இது குறையுதுன்னா முதல்ல ராத்திரி படுக்கிற நேரத்தை முன்னாடி கொண்டு வாங்க. தூக்கம் பத்தாத பிள்ளைக்கு நல்ல நேரம்னு ஒண்ணைத் தேடுறது வீண் வேலை.

ஸ்டெப் 3: ரெண்டு கட்டமும் ஒத்துப்போற வரியைத் தேடுங்க

பெரிய பிள்ளைக்கு டிக், சின்னதுக்கும் டிக், இல்லன்னா சின்னது தூக்கம். அப்படி வர்ற வரிகளைக் கலர் அடிங்க. இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க, நானும் மாட்டினேன். சின்னது தூங்குற நேரம்தான் பெஸ்ட்னு கண்ண மூடிக்கிட்டு முடிவு பண்ணிடுறோம். எங்க பேப்பர்ல சின்னவன் மதியம் 1 மணில இருந்து 2:30 வரைக்கும் தூங்குறான், ஆனா அதே நேரம் பெரியவ கட்டத்துல 7 நாள்ல 5 நாள் வட்டம். மதியம் அப்படித்தான் இருக்கும், சாப்பாட்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, உடம்போட கடிகாரமே அந்த நேரத்துல கொஞ்சம் மந்தமாகும். அதோட பகல் தூக்கத்தை நம்பி திட்டம் போட்டா நிலைக்காது, ஒன்றரை வயசு வாக்குல ரெண்டு தூக்கம் ஒண்ணாகும், 3 - 5 வயசுக்குள்ள பெரும்பாலும் அதுவும் நின்னுடும்.

தூங்கி எந்திரிச்ச உடனேயும் வேண்டாம். கண்ணு முழிச்சிருக்கும், மூளை முழிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், ஒரு அரை மணி நேரம் விட்டுடுங்க.

ஸ்டெப் 4: முதல்ல சின்னதுக்கு 10 நிமிஷம்

என்னைக் கேட்டா இந்த ஸ்டெப்புக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன். பெரிய பிள்ளையை உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி சின்னதோட தரையில உக்காருங்க, கைல போன் வேண்டாம், துணி காயப் போடுறது வேண்டாம், முழுசா அதோட மட்டும். சின்னவன் கட்டையை அடுக்கி அடுக்கித் தள்ளி விடுவான், நானும் கூடவே அடுக்குவேன், ஏழாவது எட்டாவது தடவைல என்னைப் பாக்குறதை விட்டுட்டு கட்டையைப் பாக்க ஆரம்பிச்சிடுவான். மெதுவா எந்திரிச்சு பெரியவகிட்ட போக அதுதான் நேரம். அவனுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு, அதுக்கப்புறம் ஒரு 15 - 20 நிமிஷம் வந்து தொங்க மாட்டான். இதையே தலைகீழா பண்ணி, பெரியவளை உக்கார வெச்சிட்டு சின்னவனை அப்புறம் வாடான்னு தள்ளினா அன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்.

சின்னது கைல போனைக் குடுத்து உக்கார வெச்சா சமாளிச்சிடலாம்னு தோணும். 2 வயசு ஆகலன்னா ஸ்க்ரீனே வேண்டாம், 2 - 4 வயசுக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு அதே 2019 வழிகாட்டுதல்ல இருக்கு. அது போக, பக்கத்துல பாட்டு ஓடினா பெரியவ கண்ணு நோட்டுலயா இருக்கும்?

ஸ்டெப் 5: ரெண்டு நேரத்தை 5, 5 நாள் ஓட்டிப் பாருங்க

கலர் அடிச்சதுல ரெண்டு வரியை எடுங்க. முதல் 5 நாள் ஒண்ணு, அடுத்த 5 நாள் இன்னொண்ணு. வேற எதையும் மாத்தாதீங்க, மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது. கூப்பிட்டதுல இருந்து உக்கார எத்தனை நிமிஷம் ஆச்சு, உக்காந்தப்புறம் எத்தனை நிமிஷம் ஓடுச்சு, இது ரெண்டும் எழுதினா போதும்.

எங்களுக்கு வந்தது காலைச் சாப்பாடு முடிஞ்சு 7:40 - 8:00, அப்புறம் சாயங்காலம் விளையாடிட்டு வந்ததும் ஒரு 10 நிமிஷம். புதுக் கணக்கும் புது எழுத்தும் காலைல, பழசைத் திருப்பிப் பாக்குறது சாயங்காலம். ஒரேடியா அரை மணி நேரம் இழுக்குறதை விட இப்படிப் பிரிச்சுப் படிச்சா மனசுல நிக்கும், 1885-லயே எப்பிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சுப் பாத்து எழுதி வெச்சிருக்கார். கதை வாசிக்கிறதுக்கு மட்டும் தனி நேரம் தேடாதீங்க, படுக்கப் போறப்ப ரெண்டையும் ரெண்டு பக்கம் போட்டுக்கிட்டு வாசிங்க, சின்னதும் கேட்கும்.

ஸ்டெப் 6: மறுபடியும் 3 நாள் எழுதுங்க

உக்கார வைக்கவே 10 நிமிஷத்துக்கு மேல ஆகுதுன்னு ஒரு வாரமா தெரிஞ்சா, இல்ல சின்னதோட தூக்க நேரம் மாறினா, திரும்ப பேப்பரை எடுங்க. இந்தத் தடவை 3 நாள் போதும். சின்னவன் போன மாசத்துல இருந்து காலைல முக்கால் மணி நேரம் லேட்டா எந்திரிக்கிறான், அவன் தூங்குறப்பவே பாடத்தை முடிக்க எங்க 7:40 இப்போ 7:15 ஆயிடுச்சு, கட்டை அடுக்குறதை அவ பாடம் முடிஞ்சப்புறம் வெச்சிருக்கோம், பெரியவளும் வந்து கூட உக்காந்து அடுக்குறா.