அரசு ஆய்வகத்தின் ஆண்டு பட்ஜெட்: கேட்பது எப்படி, வாங்குவது எப்படி, காப்பது எப்படி

மத்திய அரசின் அறிவியல் துறை ஒன்றின் கீழ் இயங்கும் ஆய்வு நிறுவனத்தில், திட்டப் பிரிவுக்கோ நிதிப் பிரிவுக்கோ புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி இது. உங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு என்பது பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் முடிவாவதில்லை. அக்டோபர், நவம்பரிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் எதிரே இருக்கும் நிதி அமைச்சக அதிகாரி முதலில் பார்ப்பது, நடப்பு ஆண்டில் செப்டம்பர் 30 வரை நீங்கள் செலவழித்த தொகையைத்தான். ஆய்வு எவ்வளவு சிறந்தது என்ற பேச்சு அதற்குப் பிறகே வரும். பட்ஜெட் வேலை முழுவதையும் இந்த உண்மையைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகள், ஒரே தாள்

நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் பட்ஜெட் சுற்றறிக்கை அனுப்பும். அதையொட்டி உங்கள் துறை கேட்கும் அட்டவணையில் நான்கு எண்கள் வேண்டும்: சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு (பி.இ.), நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு (ஆர்.இ.), அடுத்த ஆண்டின் பி.இ. ஆக, ஒரே நேரத்தில் மூன்று ஆண்டுகளுக்குப் பதில் சொல்கிறீர்கள். சென்ற ஆண்டு 40 கோடி செலவழித்து, நடப்பு ஆண்டில் 60 கோடி பெற்று, அரை ஆண்டில் 15 கோடிதான் செலவு என்றால், அடுத்த ஆண்டுக்கு 80 கோடி கேட்கும் தாளை யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருந்தால் தாமதம். ஒவ்வொரு ஆய்வுப் பிரிவிடமிருந்தும் ஜூலைக்குள் தேவைப் பட்டியலை வாங்கிவிடுங்கள். பட்டியலை மூன்று அடுக்காகக் கேளுங்கள். முதல் அடுக்கு கமிட்மென்ட்: ஆர்டர் போட்டாயிற்று, பணம் மட்டும் பாக்கி. இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் திட்டங்களின் அடுத்த கட்டம். மூன்றாவதுதான் புதியவை. கமிட்மென்ட் ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் எண், தேதி, தொகை, பணம் தர வேண்டிய மாதம் நான்கும் கட்டாயம். மாதம் எழுதாத வரி வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

மூன்று பெட்டிகள்

தன்னாட்சி நிறுவனங்களுக்கு மானியம் மூன்று செலவுத் தலைப்புகளில் வருகிறது: 31 பொது மானியம், 35 மூலதனச் சொத்து உருவாக்க மானியம், 36 சம்பள மானியம். விஞ்ஞானிகள் பலர் இதை ஒரே பையாக நினைத்துக்கொள்கிறார்கள். கருவி 35-இல் இருந்து வாங்கப்படும். அந்தக் கருவிக்கு வேண்டிய ரசாயனமும் மின்கட்டணமும் 31-இல் இருந்து வர வேண்டும். 35-இல் தாராளமாகக் கேட்டு 31-ஐ மறந்தால், புதுக் கருவி உறை பிரிக்காமல் கிடக்கும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற மேலிட அனுமதி தேவை. துறையே நேரடியாக நடத்தும் மையங்களில் வருவாய்ப் பிரிவும் (அன்றாடச் செலவு) மூலதனப் பிரிவும் (சொத்து உருவாக்கும் செலவு) தனித்தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மறு ஒதுக்கீடு அறவே கிடையாது. விண்வெளி ஆய்வில் வருவாய்க்கு 3402, மூலதனத்துக்கு 5402, பிற அறிவியல் ஆய்வில் அதேபோல் 3425, 5425 என்று முதன்மைக் கணக்குத் தலைப்பின் எண்ணே வேறுபடுவதைப் பார்த்தால் இது விளங்கும்.

சம்பளக் கணக்கு எளிது என்று தோன்றும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வைத்துக் கணக்கிடாதீர்கள், பணியில் இருப்பவர்களை வைத்துக் கணக்கிடுங்கள். காலியிடம் நிரம்பும் என்றால் நேர்காணல் முடிந்தவற்றை மட்டும் சேருங்கள், அதுவும் சேரக்கூடிய மாதத்திலிருந்து. மத்திய அரசு அலுவலகங்களில் மார்ச் சம்பளம் ஏப்ரலில் வழங்கப்படுவதால் நிதியாண்டின் பன்னிரண்டு சம்பளங்கள் மார்ச் முதல் பிப்ரவரி வரையிலானவை. உங்கள் நிறுவனம் இதே முறையைப் பின்பற்றுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் ஜூலை 1 ஊதிய உயர்வு 3 சதவீதம் எட்டு மாதங்களுக்கு மட்டுமே வரும். அந்த ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தில் ஆண்டு முழுமைக்கும் அது 2 சதவீதக் கூடுதல்தான். ஜனவரி 1 உயர்வுக்கு இரண்டு மாதம். அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்ந்தாலும் அறிவிப்பு பின்னால்தான் வரும். ஜனவரி உயர்வு மார்ச் கடைசியில் அறிவிக்கப்பட்டால் நிலுவைத் தொகை அடுத்த நிதியாண்டின் செலவாகிவிடும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசுப் பங்கு 14 சதவீதம். அதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஆய்வு மாணவர் உதவித்தொகை சம்பளத்தோடு சேராது, ஆனால் அதுவும் கட்டாயச் செலவே. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதத் தொகை 31,000-இலிருந்து 37,000 ரூபாயானது. இப்படியொரு உயர்வு இடையில் வந்தால், தலை எண்ணிக்கையோடு கூடிய தாள் கையில் இருக்கும் நிறுவனம் அன்றே கூடுதல் கேட்கலாம்.

கருவியின் விலையைப் போடும் விதம்

விற்பனையாளர் தரும் கொட்டேஷன் எண்ணை அப்படியே எழுதுவது முதல் தவறு. பத்து லட்சம் டாலர் கருவி என்றால், டாலருக்கு 3 ரூபாய் ஏறினாலே 30 லட்சம் ரூபாய் கூடுகிறது. அதன்மேல் சரக்குக் கட்டணம், காப்பீடு, சுங்கம், ஜி.எஸ்.டி. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள்மீது இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. பல கருவிகளுக்கு 18 சதவீதம் ஆனது. பழைய மதிப்பீட்டைப் பிரதியெடுத்தால் அந்த 13 சதவீதம் பற்றாக்குறையாக நிற்கும்.

பிறகு, கருவியைச் சுற்றியுள்ளவை: அறை, குளிரூட்டல், யு.பி.எஸ்., உத்தரவாதக் காலம் முடிந்த பிறகான பராமரிப்பு ஒப்பந்தம். மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத கடத்தி) காந்தம் உள்ள என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்குத் திரவ ஹீலியம் ஒத்திப்போட முடியாத செலவு. நிரப்பத் தவறினால் காந்தம் தன் மீக்கடத்தும் நிலையை இழந்துவிடும், சீராக்கப் பெருந்தொகை ஆகும். இத்தகையவற்றைச் சில்லறைச் செலவு என்ற வரியில் ஒளித்துவைக்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெட்டு வரும்போது முதலில் பலியாவது பெயரில்லாத வரி.

அடுத்து நாள்கணக்கு. பொது நிதி விதிகள் 2017-இன்படி டெண்டருக்குப் பொதுவாகக் குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களையும் அழைத்தால் நான்கு வாரம். அதற்கு முன் தொழில்நுட்ப விவரக்குறிப்புக் குழு, இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) ஒப்புதல். பின் தொழில்நுட்ப மதிப்பீடு, விலை திறப்பு, கொள்முதல் குழு, லெட்டர் ஆஃப் கிரெடிட் (விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்), வரவழைத்தல், நிறுவுதல். ஏப்ரலில் தொடங்கினால் பணம் தரும் நாள் மார்ச்சை எட்டும், பல நேரம் தாண்டும். நிதி இருப்புச் சான்று இல்லாமல் ஆர்டர் போட முடியாதுதான். ஆனால் விவரக்குறிப்பையும் அறைத் தயாரிப்பையும் முந்தைய ஆண்டிலேயே முடிக்க எந்தத் தடையும் இல்லை. இதைச் செய்யும் நிறுவனங்களே செப்டம்பர் கணக்கில் தலைநிமிர்கின்றன.

புதுத் திட்டம் தனி வழி

புதிய திட்டத்துக்கு பட்ஜெட் வரியில் எண் எழுதுவதற்கு முன் மதிப்பாய்வும் ஒப்புதலும் வேண்டும். நிதி அமைச்சகச் செலவினத் துறையின் 2016 ஆகஸ்ட் உத்தரவுப்படி 500 கோடிக்கு மேற்பட்ட திட்டம், செலவினச் செயலர் தலைமையிலான செலவின நிதிக் குழுவுக்குப் போகும். 1,000 கோடியைத் தாண்டினால் அமைச்சரவை ஒப்புதல். ஒப்புதல் வராத திட்டத்துக்குப் பெரிய தொகை வைக்கச் சொல்லிக் கேட்டால், கிடைத்தாலும் செலவாகாது. பிறகு அந்தச் செலவாகாத எண் உங்கள் மற்றத் திட்டங்களையும் கீழே இழுக்கும். சிறு தொகையோடு வரியைத் திறந்துவைத்து, ஒப்புதல் வந்ததும் துணை மானியக் கோரிக்கையில் (ஆண்டின் இடையில் நாடாளுமன்றத்திடம் கேட்கும் கூடுதல் நிதி) மீதியைக் கேட்பதே நல்லது. திட்டங்களின் ஆயுள் மத்திய நிதிக்குழுவின் (Finance Commission) காலத்தோடு இணைந்தது: 2021-26 போன்ற ஒரு காலம் முடிந்தால் தொடர்வதற்கு மறு மதிப்பாய்வும் வெளியார் மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. அந்த அறிக்கைக்கான வேலையை ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

கூட்டத்தில் உங்களுக்கு இடமில்லை, உங்கள் தாளுக்கு உண்டு

அக்டோபர், நவம்பரில் செலவினச் செயலர் தலைமையில் முன்-பட்ஜெட் கூட்டங்கள் நடக்கும். உங்கள் துறை சார்பில் பேசுபவர் நிதி ஆலோசகர். அவர் கையில் பல நிறுவனங்களின் கோப்புகள் இருக்கும். உங்கள் நாற்பது பக்க விளக்கத்தை அவர் அங்கே புரட்ட முடியாது. இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் தலைப்புவாரியாக நான்கு எண்களும், செப்டம்பர் வரையிலான செலவும், சென்ற ஆண்டு அதே காலச் செலவும். இரண்டாம் பக்கத்தில் பெரிய ஐந்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: என்ன, ஆர்டர் எந்த நிலையில், எந்த மாதம் எவ்வளவு. கேட்டது கிடைக்காவிட்டால் எது நிற்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சொந்த வருவாயையும் கையிருப்பையும் மறைக்காதீர்கள். பயன்பாட்டுச் சான்றிதழில் (பெற்ற மானியம் எப்படிச் செலவானது என்று நீங்கள் தரும் சான்று) அது எப்படியும் தெரிந்துவிடும், அதன்பிறகு உங்கள் எந்த எண்ணுக்கும் மதிப்பிருக்காது.

உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையின் உச்சவரம்பு வந்ததும், கேட்டதைவிடக் குறைவு என்ற வருத்தத்தை ஒதுக்கிவைத்து, அதே நாளில் தலைப்புவாரியாகப் பங்கிடுங்கள். நீங்கள் கேட்ட மூல எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். பட்ஜெட் தாக்கலான பின் அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்றத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மானியக் கோரிக்கைகளை ஆராயும்போது, கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அருகருகே வைத்துக் கேட்கும். அந்த இடைவெளியைப் பதிவு செய்ய அதைவிட நல்ல இடம் இல்லை. தேர்தல் ஆண்டில் மட்டும் கவனம்: 2024-இல் இடைக்கால பட்ஜெட் பிப்ரவரி 1, முழு பட்ஜெட் ஜூலை 23. இடைப்பட்ட மாதங்கள் முன்பண ஒப்புதலில் (முழு பட்ஜெட் வரும்வரை சில மாதச் செலவுக்கு நாடாளுமன்றம் தரும் அனுமதி) ஓடும். புதிய பணி எதையும் அதில் தொடங்க முடியாது.

கிடைத்ததைக் காப்பது

கடைசிக் காலாண்டில் பி.இ.-யில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்பது நிதி அமைச்சகத்தின் பொது வரம்பு. இதைப் பின்னோக்கிப் படியுங்கள்: டிசம்பர் 31-க்குள் 67 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். மாதாந்திரச் செலவுத் திட்டம் தரும்போது பன்னிரண்டால் வகுத்து அனுப்பிவிடாமல், கமிட்மென்ட் பட்டியலின் மாதங்களை வைத்தே தயாரியுங்கள். கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் (மானியம் வங்கிக்கு வராமல் அரசுக் கணக்கிலேயே இருந்து, தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறை) இருக்கும் நிறுவனத்துக்கு, மார்ச் 31 அன்று செலவாகாத தொகை காலாவதியாகிவிடும். வங்கியில் போட்டு வைத்து ஏப்ரலில் எடுக்கலாம் என்ற பழைய பழக்கத்துக்கு இடமில்லை.

ஆர்.இ. வெட்டு பெரிய துறைகளுக்கும் வரும். விண்வெளித் துறைக்கு 2023-24-இல் சுமார் 12,544 கோடியாக இருந்த பி.இ., ஆர்.இ.-யில் சுமார் 11,070 கோடியானது. வெட்டுக் கடிதம் வந்தால் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே சதவீதம் குறைக்காதீர்கள். அது சம்பளத்தையும் ஹீலியத்தையும் வெட்ட முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பாதியில் நிறுத்திவிடும். ஆர்டர் போடாத கொள்முதல்களை முதலில் தள்ளுங்கள். அடுத்து, சப்ளையர் தாமதத்தால் எப்படியும் மார்ச்சைத் தாண்டப்போகும் பணங்களை, எழுத்தில் உறுதி வாங்கி, அடுத்த ஆண்டின் கமிட்மென்ட் பட்டியலுக்கு மாற்றுங்கள். கட்டுமானப் பணிக்கு முன்பணமாகக் கொடுத்துச் செலவு காட்டுவது தணிக்கையில் வந்து நிற்கும். அங்கே வேலை முன்னேறிய அளவுக்கு மட்டும் பணம் கொடுங்கள். அதற்குப் பிறகும் எஞ்சுவது இருந்தால், தலைப்பும் தொகையும் குறித்து ஜனவரியிலேயே துறையிடம் ஒப்படையுங்கள். ஜனவரியில் திருப்பிய தொகையைத் துறை வேறு ஆய்வகத்துக்கு மாற்ற முடியும். மார்ச் 30-இல் திருப்பினால் யாருக்கும் பயன்படாது, உங்கள் பெயருக்கு எதிரே சேமிப்பு என்ற பத்தியில் மட்டும் பதியும்.